கட்டரீனா ஜான்சன்-தாம்சன்: ஒரு ஹெப்டத்லான் சாம்பியனின் ஏற்ற இறக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் கட்டரீனா ஜான்சன்-தாம்சனைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் நொண்டிக்கொண்டே எல்லைக்கோட்டைக் கடந்த காட்சிதான். இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர் என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வருகிறது. அவரைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்பவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

ஹெப்டத்லானில் என்னென்ன போட்டிகள்?

ஏழு போட்டிகள், இரண்டு நாள். முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர் ஓட்டம். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியாக 800 மீட்டர் ஓட்டம். இந்த வரிசை மாறாது. 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் இது ஒலிம்பிக்கில் நுழைந்தது. அதற்கு முன் பெண்களுக்கு ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லான் மட்டுமே இருந்தது.

புள்ளிகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. எத்தனையாவதாக வந்தீர்கள் என்பது பொருட்டில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்பதை வைத்தே புள்ளி. உயரம் தாண்டுதலில் 1.80 மீட்டருக்கு 978 புள்ளி, 1.98 மீட்டருக்கு 1,211 புள்ளி. 18 சென்டிமீட்டருக்கு 233 புள்ளி வித்தியாசம் வருகிறது. இந்த இரண்டு உயரங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டும் வரும்.

மொத்தத்தில் எது பெரிய எண்ணிக்கை என்று புரிய ஒரு அளவுகோல் வேண்டுமானால், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் ஸ்வப்னா பர்மன் தங்கம் வென்றது 6,026 புள்ளிகளுடன். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜாக்கி ஜாய்னர்-கெர்சி எடுத்த 7,291 இன்றும் உலக சாதனை. கட்டரீனாவின் உச்சம் 6,981. அது பிரிட்டிஷ் சாதனை.

இவர் எங்கிருந்து வந்தவர்?

லிவர்பூல். பிறந்தது 1993 ஜனவரி 9. லிவர்பூல் ஹாரியர்ஸ் தடகள மன்றத்தில் வளர்ந்தவர். தாண்டுவதில் பிறவித் திறமை. 2009-ல் இத்தாலியில் நடந்த உலக இளையோர் போட்டியில் ஹெப்டத்லான் தங்கம், 2012-ல் பார்சிலோனாவில் உலக ஜூனியர் நீளம் தாண்டுதல் தங்கம். அதே ஆண்டு, 19 வயதில், லண்டன் ஒலிம்பிக்கில் களமிறங்கினார்.

அந்த ஒலிம்பிக்கின் நாயகி ஜெசிக்கா என்னிஸ். அவரும் பிரிட்டன், அவரும் ஹெப்டத்லான், சொந்த மண்ணில் தங்கம். அன்று முதல் கட்டரீனாவுக்கு "அடுத்த ஜெசிக்கா" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோளில் ஏற்றக் கூடாத சுமை அது. அடுத்த ஏழு ஆண்டுகள் அவர் அதைச் சுமந்தார் என்றே நினைக்கிறேன்.

2015 பெய்ஜிங்கில் உண்மையில் நடந்தது என்ன?

அந்த ஆண்டு மார்ச்சில் பிராகாவில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில், பென்டத்லானில் மிகச்சரியாக 5,000 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றிருந்தார். ஆகஸ்ட் மாதம் பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப். முதல் நாள் முடிவில் என்னிஸ்-ஹில்லுக்கு (அதே ஜெசிக்கா என்னிஸ்தான், திருமணத்துக்குப் பிறகு இந்தப் பெயர்) அடுத்து இரண்டாமிடம். மறுநாள் காலை முதல் போட்டியே நீளம் தாண்டுதல், அதாவது அவருடைய சொந்தக் கோட்டை.

ஹெப்டத்லானில் மூன்று தாண்டல் மட்டுமே. முதல் இரண்டும் ஃபவுல். அப்படி ஒரு நிலை வந்தால், கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளியே காலூன்றித் தாண்டி எதையாவது பதிவு செய்துவிடுவதுதான் பாதுகாப்பு. அவர் முழு வேகத்தில் வந்தார். மணலில் விழுந்த இடத்தைப் பார்த்தால் அது மிகப் பெரிய தாண்டல். ஆனால் கால் பலகையைத் தாண்டியிருந்தது. மூன்றாவது சிவப்புக் கொடி. புள்ளி பூஜ்யம்.

அவர் வழக்கமாகத் தாண்டும் தூரத்துக்கு அங்கே சுமார் 1,100 புள்ளி கிடைத்திருக்கும். மூன்று சென்டிமீட்டரோ நான்கோ கால் முன்னே போனதற்கு அத்தனையும் போனது. 28-ஆம் இடத்தில் முடித்தார். தங்கம் என்னிஸ்-ஹில்லுக்குப் போனது.

ரியோவில் உலகத்தரமாகத் தாண்டியும் ஏன் பதக்கம் இல்லை?

எனக்கு மிகவும் வலித்தது 2016 ரியோதான், பெய்ஜிங்கைவிட. அங்கே உயரம் தாண்டுதலில் 1.98 மீட்டர் தாண்டினார். அன்றைக்கு அது பிரிட்டனின் தேசிய சாதனை. சில நாட்கள் கழித்து அதே ஒலிம்பிக்கில் நடந்த தனி உயரம் தாண்டுதல் போட்டியில் ஸ்பெயினின் ரூத் பெய்டியா 1.97 மீட்டரில் தங்கம் வென்றார்! ஏழில் ஒன்றாக இவர் தாண்டிய உயரம், அந்த ஒன்றையே வாழ்க்கையாகக் கொண்டவர்களின் தங்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம்.

அப்படியும் ஆறாமிடம், 6,523 புள்ளி. காரணம் கைகளில் இருந்தது. குண்டு 11.68 மீட்டர், ஈட்டி 36.36 மீட்டர். கால்களால் மலைபோலச் சேர்த்ததைக் கைகளால் இறைத்துவிட்டார். அதே களத்தில் அதே 1.98-ஐத் தாண்டிய இன்னொருவர் இருந்தார். பெல்ஜியத்தின் நஃபி தியாம், வயது 21. அவருக்கு ஈட்டியும் வரும், குண்டும் வரும். தங்கத்தோடு போனார்.

அப்படியென்றால் உயரம் தாண்டுதலுக்கோ நீளம் தாண்டுதலுக்கோ மாறியிருக்கலாமே?

ரியோவுக்குப் பிறகு எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் ஹெப்டத்லானோடு தனி உயரம் தாண்டுதலிலும் கலந்துகொண்டு 1.95 தாண்டி ஐந்தாமிடம் பிடித்தார். ஆகவே வழி திறந்தே இருந்தது.

அவர் போகவில்லை. குண்டும் ஈட்டியும் கற்றுக்கொள்ளும் கடினமான பாதையைத் தேர்ந்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த மிகப் பெரிய முடிவு என்று நான் இதைத்தான் சொல்வேன். கையில் இருக்கும் வரத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளாமல், இல்லாததைத் தேடிப் போவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

"நெருக்கடி வந்தால் உடைந்துவிடுவார்" என்று சொல்கிறார்களே?

2017-க்குப் பிறகு இந்தப் பேச்சு வலுத்தது. லண்டனில், சொந்த ரசிகர்கள் முன்னால், அவருடைய கோட்டையான உயரம் தாண்டுதலில் 1.80-ஓடு நின்றுவிட்டார். மொத்தம் 6,558, ஐந்தாமிடம். வெண்கலம் 6,636-க்குப் போனது. அன்று அவர் தனக்குச் சாதாரணமான 1.92-ஐத் தாண்டியிருந்தால்கூட 154 புள்ளி கூடியிருக்கும், வெள்ளி கழுத்தில் விழுந்திருக்கும்.

பதற்றம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெய்ஜிங், லண்டன் இரண்டிலும் பதற்றம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மனத்தை மட்டும் குறை சொல்பவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. குண்டும் ஈட்டியும் பலவீனமாக இருந்ததால், தாண்டுதல் இரண்டிலும் ஒவ்வொரு முறையும் அபாரமாகச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்தது. ஒன்று சறுக்கினாலும் பதக்கம் போய்விடும். தியாமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துக்கொள்வார். பெய்ஜிங்கில் மூன்றாவது தாண்டலில் பாதுகாப்பாகத் தாண்டாமல் கட்டரீனா ஏன் முழு வேகத்தில் ஓடி வந்தார் என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பின்னால் ஈட்டி காத்திருந்தது, அதில் இழக்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

பிரான்ஸுக்குப் போனதால் என்ன மாறியது?

ரியோ முடிந்த சில மாதங்களில், சிறுவயதிலிருந்து தன்னைப் பயிற்றுவித்த மைக் ஹோம்ஸைப் பிரிந்து, லிவர்பூலை விட்டு தெற்கு பிரான்ஸின் மோன்பெல்லியேவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பயிற்சியாளர் பெர்ட்ராண்ட் வால்சான். டெகத்லான் (ஆண்களுக்கான பத்துப் போட்டிகள்) உலக சாதனையாளர் கெவின் மேயர் பயிற்சி செய்ததும் அந்தக் குழுவில்தான். மொழி தெரியாத ஊரில், யாரும் "அடுத்த ஜெசிக்கா" என்று அழைக்காத இடத்தில், எறிதலை முதலிலிருந்து கற்றார்.

பலன் உடனே வரவில்லை. 2017 கைவிட்டது. 2018-ல் பர்மிங்காமில் உலக உள்ளரங்கப் பென்டத்லான் தங்கம், ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் காமன்வெல்த் தங்கம், பெர்லின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. பெர்லினில் தியாம் 6,816, இவர் 6,759. இடைவெளி சுருங்கிவிட்டது என்று அன்றே தெரிந்தது.

தோஹாவில் எப்படி வென்றார்?

கத்தாரின் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப், 2019 அக்டோபர் 2, 3. 100 மீட்டர் தடை ஓட்டம் 13.09 விநாடி, உயரம் 1.95, குண்டு 13.86, 200 மீட்டர் 23.08. மறுநாள் நீளம் 6.77, ஈட்டி 43.93, 800 மீட்டர் 2 நிமிடம் 7.26 விநாடி. தடை ஓட்டம், குண்டு, ஈட்டி, 800 மீட்டர் ஆகிய நான்கிலும் அவர் வாழ்நாளில் அதுவரை தொடாத அளவுகள். மொத்தம் 6,981. என்னிஸ்-ஹில்லின் 6,955 என்ற பிரிட்டிஷ் சாதனை முறிந்தது.

இரண்டாமிடம் தியாம், 6,677. ஒலிம்பிக் சாம்பியனும் நடப்பு உலக சாம்பியனுமான ஒருவரை 304 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். தியாமுக்கு அப்போது முழங்கையில் காயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 6,981 என்பது தியாமின் முழங்கையால் வந்த எண் அல்ல.

நான் முதலில் தேடிப் பார்த்தது குண்டு எறிதலைத்தான். ரியோவின் 11.68 எங்கே, இந்த 13.86 எங்கே!

டோக்கியோவில் ஏன் சக்கர நாற்காலியை மறுத்தார்?

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. கொரோனாவால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. 2020 டிசம்பரில் இடது குதிகாலின் அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. ஓடித் தாண்டுகிற ஒருவருக்கு இதைவிட மோசமான காயம் அரிது. எட்டு மாதத்துக்குள் ஒலிம்பிக் களத்தில் நின்றதே பெரிய விஷயம்.

2021 ஆகஸ்ட் 4. தடை ஓட்டம், உயரம், குண்டு மூன்றையும் ஓரளவு நன்றாகவே முடித்திருந்தார். மாலையில் 200 மீட்டர். வளைவில் வந்துகொண்டிருந்தபோது வலது காலின் கெண்டைத்தசை கிழிந்து, தடத்திலேயே சரிந்து விழுந்தார். அக்கிலிஸ் அறுந்தது இடது கால், இது வலது. மருத்துவ உதவியாளர்கள் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு எழுந்தார். மீதித் தூரத்தை நொண்டிக்கொண்டே கடந்தார். தன் தடத்தை விட்டு விலகியதற்காக அந்த ஓட்டத்தில் தகுதிநீக்கம் என்று பலகையில் வந்தது.

ஏன் மறுத்தார்? காண்பவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வரையில், ஹெப்டத்லான் வீராங்கனைகளுக்குள் எழுதாத ஒரு ஒழுங்கு உண்டு: தொடங்கியதை முடிப்பது. பெய்ஜிங்கில் நீளம் தாண்டுதலில் பூஜ்யம் வாங்கிய பிறகும் இவர் ஈட்டி எறிந்தார், 800 மீட்டர் ஓடினார். பதக்கம் இல்லை என்று தெரிந்தும் ஓடினார். டோக்கியோவில் செய்ததும் அதேதான், காலில் மட்டும் அன்று பலம் இல்லை.

அதோடு ஓய்வு பெற்றிருக்கலாம் அல்லவா?

பலரும் எதிர்பார்த்தார்கள். 2022 அமெரிக்காவின் யூஜீனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 6,222 புள்ளி, எட்டாமிடம். உலக சாம்பியன் பட்டத்தை இப்படித்தான் இழந்தார். பயிற்சியாளர்களும் மாறிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸை விட்டு வந்து, சிறிது காலம் பெட்ரோஸ் கிப்ரியானுவிடம், பிறகு பிரிட்டனின் ஆஸ்டன் மூரிடம். யூஜீன் முடிந்த சில வாரங்களில் பர்மிங்காமில் இரண்டாவது காமன்வெல்த் தங்கம் கிடைத்தது. எண்ணிக்கை 6,377 மட்டுமே, ஆனால் அந்தத் தங்கம் அவரைக் களத்தில் நிறுத்தியது என்று நம்புகிறேன்.

புடாபெஸ்ட் தங்கம் அதிர்ஷ்டமா?

தியாம் காயத்தால் வரவில்லை என்பதால் இப்படிக் கேட்கிறார்கள். அந்த உலக சாம்பியன்ஷிப்பில், 2023 ஆகஸ்ட் 20 இரவு, கடைசி 800 மீட்டரைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் அன்னா ஹால் முதல் நாளில் முன்னிலை. மறுநாள் நீளம் தாண்டுதலில் கட்டரீனா முந்தினார். ஈட்டியில் 46.14 மீட்டர், வாழ்நாள் சிறப்பு. ஆம், ஈட்டியில்! கடைசி ஓட்டத்துக்கு முன் முன்னிலை 43 புள்ளி, அதாவது சுமார் மூன்று விநாடி. ஹால் 800 மீட்டரில் எல்லோரையும் விட வேகமானவர். துப்பாக்கி வெடித்ததிலிருந்தே ஹால் முன்னே பறந்தார். கட்டரீனா அவரைப் பிடிக்க வேண்டியதில்லை, தூரம் மட்டும் கூடக் கூடாது. ஹால் 2:04.09, கட்டரீனா 2:05.63. அதுவும் அன்றுவரை அவர் ஓடிய மிக வேகமான 800. இடைவெளி ஒன்றரை விநாடிதான். 6,740-க்கு 6,720, இருபது புள்ளியில் தங்கம்.

இரண்டு கால்களிலும் அடிபட்டு, முப்பது வயதில், இரண்டாவது முறை உலக சாம்பியன்.

பாரிஸில் தங்கம் எங்கே நழுவியது?

ஈட்டியில். வேறெங்கும் இல்லை.

2024 ஆகஸ்ட் 8 அன்று குண்டை 14.44 மீட்டர் எறிந்தார். ரியோவில் 11.68-க்குக் கிடைத்தது 640 புள்ளி, பாரிஸில் 823. எட்டு ஆண்டுகளில் ஒரே போட்டியில் 183 புள்ளி கூட்டியிருக்கிறார். இதே எறி ரியோவில் கிடைத்திருந்தால் அன்றே வெண்கலம் அவருடையது. முதல் நாள் முடிவில் தியாமைவிட 48 புள்ளி முன்னால் இருந்தார்.

மறுநாள் நீளம் தாண்டுதலில் இருவருக்கும் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். பிறகு தியாம் ஈட்டியை எடுத்து 54.04 மீட்டருக்கு எறிந்தார். கட்டரீனா 45.49. அவர் அளவில் அது நல்ல எறி. ஆனாலும் ஒரே போட்டியில் முன்னிலை போய் 121 புள்ளி பின்னால். கடைசி 800 மீட்டரில் தியாமை எட்டு விநாடிக்கும் மேல் முந்த வேண்டும். கட்டரீனா 2:04.90 ஓடினார், மறுபடி வாழ்நாள் சிறப்பு. தியாமும் அன்று தன் வாழ்நாளின் வேகமான ஓட்டத்தை ஓடினார், 2:10.62. வித்தியாசம் ஆறு விநாடிக்குச் சற்றுக் குறைவு. 6,880-க்கு 6,844. வெள்ளி.

தன் நான்காவது ஒலிம்பிக்கில், 31 வயதில், முதல் ஒலிம்பிக் பதக்கம். முடிந்ததும் அவர் முகத்தில் இருந்தது தோல்வியின் துக்கம் இல்லை.

தியாம் பெரியவரா, இவர் பெரியவரா?

தியாம். மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஹெப்டத்லான் தங்கம் வென்ற ஒரே பெண் அவர், 7,000 புள்ளியைக் கடந்தவர். இதில் விவாதமே கிடையாது. ஆனால் உலக சாம்பியன்ஷிப்பை எடுத்துப் பாருங்கள்: 2017 தியாம், 2019 கட்டரீனா, 2022 தியாம், 2023 கட்டரீனா. ஆளுக்கு இரண்டு. இப்படி ஒருவரின் காலத்தில் பிறந்தும் கணக்கைச் சமமாக வைத்திருப்பது எளிதில்லை.

இளம் தடகளப் பெண்களுக்கு இவரிடம் எதைக் காட்டலாம்?

பயிற்சியாளர்கள் டோக்கியோ காணொளியைக் காட்டுவார்கள். நான் கேட்டுக்கொள்வது, குண்டு எறிதல் எண்களையும் சேர்த்துக் காட்டுங்கள்: 11.68, 13.86, 14.44. பிடிக்காத பயிற்சியை, திறமை குறைவாக இருக்கும் பயிற்சியை, எட்டு ஆண்டுகள் செய்தால் என்ன ஆகும் என்பது அந்த மூன்று எண்களில் இருக்கிறது.

அதற்குப் பிறகு?

2025 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப் டோக்கியோவுக்கு வந்தது. 2021-ல் அவர் சரிந்து விழுந்த அதே தேசிய மைதானம். இந்த முறை தங்கம் அன்னா ஹாலுக்கு, 6,888 புள்ளி. வெள்ளி அயர்லாந்தின் கேட் ஓ'கானருக்கு. மூன்றாமிடத்துக்கு கட்டரீனாவும் அமெரிக்காவின் தாலியா புரூக்ஸும் கடைசி 800 மீட்டர் வரை போட்டியிட்டார்கள். ஏழு போட்டிகளின் கூட்டுத்தொகை பலகையில் வந்தபோது இருவர் பெயருக்கும் எதிரே ஒரே எண்: 6,581. இரண்டு பேருக்கும் வெண்கலம் கொடுத்தார்கள்.